பூண்டு உரித்த கை

நோன்பு மாதத்தில் சமையல்காரனுக்கு நாக்கு கிடையாது என்பார் நாகூர் கனி பாய். சொல்லும்போது முகத்தில் பெருமை தாங்காது. சிங்கப்பூர் டெக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் சின்னப் பள்ளிவாசலில் வருடா வருடம் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது அவர்தான். இரண்டு பெரிய அண்டா. மதியம் அடுப்பைப் பற்றவைத்தால், சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஜனங்கள் வரிசையில் நிற்கும்போது கஞ்சி இறங்கியிருக்கவேண்டும். காய்ச்சுகிறவரும் நோன்பு, அவரை அண்ணன் முறையில் நானா நானா என்று கூப்பிட்டுக்கொண்டு கூடக் கிண்டுகிற மஸ்தானும் நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், தப்பில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறார். பாய் கேட்கமாட்டார். அண்டாவின் மேல் குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுப்பார். "மஸ்தான், உப்பு இன்னும் ஒரு கை" என்பார். அப்புறம் யாரும் குறை சொல்ல வழியிருக்காது.

நான் பாய் குடும்பத்துக்குப் பக்கத்து வீடு. பஃபலோ ரோடு அடுக்குமாடி ப்ளாக்கில் ஒரே காரிடார், ஒரே சுவர். அவர்கள் வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் கேட்கும். என் வேலை மளிகைக் கடைக் கல்லாவில். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு நோன்புக்கும் அந்தக் கஞ்சியை நான் விட்டதில்லை. கடை விட்டு வரும்போது தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்பேன். எனக்கு முன்னால் ஒரு சீனக் கிழவர் நிற்பார், பின்னால் லாரியில் வந்து இறங்கிய கட்டட வேலைப் பையன்கள் நிற்பார்கள். நீ யார், என்ன சாமி கும்பிடுகிறாய் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

பாயின் மனைவி ரபியா அக்கா. மகன் அர்ஃபான் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை, விடியும் முன்பே கம்பெனி பஸ் பிடித்துப் போய்விடுவான். பாய் மற்ற மாதங்களில் ஒரு பிரியாணிக் கடையில் சமைப்பார். அதே கடைக்கு அக்கா வீட்டிலிருந்தே பூண்டும் சின்ன வெங்காயமும் உரித்துக் கொடுப்பார். மத்தியான வெயில் சாய்ந்ததும் காரிடாரில் கோரைப்பாயை விரித்து, முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டால் கையும் ஓடும் வாயும் ஓடும். லீவு நாளில் நானும் கூட உட்காருவேன். அக்காவின் விரல் நுனியெல்லாம் வெடித்து, நகக்கண்ணில் பூண்டு வாசம் ஊறிப்போயிருக்கும். தலையில் எப்போதும் தேங்காய் எண்ணெய். லிஃப்ட் கதவு திறந்தால் ரபியா அக்கா சற்றுமுன் இறங்கிப் போயிருக்கிறார் என்று மூக்கே சொல்லிவிடும்.

எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிக் குப்பையில் போட்ட வருடம் அது. இனிமேல் என்ன என்று ஊரே துணிந்திருந்தபோது, நோன்புக்கு முந்தின மாதம் அந்த வீட்டில் மூன்று பேரும் காய்ச்சலில் படுத்தார்கள். அர்ஃபான் எழுந்து வேலைக்குப் போய்விட்டான். அக்காவுக்கு இருமல் நின்றது. பாய்க்கு மூக்கும் நாக்கும் போயிருந்தன.

அக்கா அதைக் கண்டுபிடித்தது நெத்திலிக் கருவாடு பொரித்த அன்று. ப்ளாக்கே மணக்கிறது. பாய் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இன்னைக்கு என்ன கறி?" என்று கேட்டிருக்கிறார். அவர் விளையாடுகிறார் என்று நினைத்து அக்கா திரும்பிப் பார்த்தால் மனிதர் முகத்தில் விளையாட்டே இல்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாத ரபியா. அர்ஃபானுக்குக்கூட வேணாம்" என்றாராம்.

"கஞ்சி காய்ச்சணுமே, என்ன செய்வீங்க?"

"நோன்புல என்னை யாரு வாயில வச்சுப் பார்க்கச் சொல்லப் போறா? அளவெல்லாம் கையில இருக்கு. அதுக்குள்ள சரியாப் போயிடும்."

இதெல்லாம் பின்னால் அக்கா என்னிடம் சொன்னது. நாக்குப் போன சமையல்காரன் ஒளிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஒரு அடுப்படிதான் உண்டு, அது நோன்புக்காரர்களின் அடுப்படி. பாய் அதற்குள் போய் ஒளிந்துகொண்டார். முதல் சில நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. வழக்கம்போல் குனிந்து ஆவியை இழுத்தார், வழக்கம்போல் உப்புச் சொன்னார். கஞ்சியும் நன்றாகத்தான் இருந்தது. நானே குடித்தேன்.

மாட்டிக்கொண்டது மழையால். அன்று அஸர் நெருங்கும் நேரம் வானம் கறுத்து, சிராங்கூன் சாலையே தெரியாத அளவுக்கு ஊற்றியது. முன்கூட்டியே வந்து வரிசையில் நின்ற நாங்கள் எல்லாரும் ஓடிப்போய்ச் சமையல் கொட்டகையின் தகரக் கூரைக்குள் ஒதுங்கினோம். மஸ்தான் தேங்காய்ப்பால் எடுத்துவர வேனுக்குப் போனவர் மழையில் அங்கேயே நின்றுவிட்டார். இரண்டு அண்டாவுக்கும் நடுவில் பாய் ஒற்றை ஆளாக நின்றார்.

எனக்குத்தான் முதலில் அந்த வாடை வந்தது என்று நினைக்கிறேன். அரிசி தீய்கிற வாடை. கஞ்சி அடிபிடித்தால் துடுப்பை உள்ளே விடவே கூடாது. அடுப்பைத் தணித்து, மேலாக இருப்பதை மட்டும் பதமாக மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றவேண்டும். சோறு வடிக்கத் தெரிந்த யாருக்கும் இது தெரியும். பாய் என்ன செய்தார் என்றால், துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அடிவரை விட்டுத் தோண்டித் தோண்டிக் கிண்டினார். எங்களைப் பார்த்துச் சிரித்தார் வேறு.

"மழை வுட்டுரும்லா, எல்லாருக்கும் உண்டு, அவசரப்படாதீங்க."

வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவரிடம் போய்க் கஞ்சியைப் பற்றிச் சொல்வதா? அதற்குள் மஸ்தான் நனைந்துகொண்டே ஓடிவந்தார்.

"நானா! கைய எடுங்க! அடி புடிச்சிருச்சு!"

"எங்கடா? ஒண்ணும் இல்லையே."

"நாத்தம் வருது நானா!"

பாய் துடுப்பை நிறுத்திவிட்டு அண்டாவின் மேல் குனிந்தார். நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். கறுப்புக் கறுப்பாகத் தீய்ந்த பருக்கை அவர் மூக்குக்குக் கீழே மிதந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து, "நல்லாத்தானே மணக்குது" என்றார்.

மஸ்தான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் இருவரும் சேர்ந்து காய்ச்ச ஆரம்பித்து முடி நரைத்துவிட்டது. "உங்களுக்குத் தெரியலையா நானா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

மற்ற அண்டாவில் இருந்ததை வைத்து முடிந்தவரைக்கும் ஊற்றினார்கள். லாரிப் பையன்கள் வந்தபோது அது தீர்ந்துவிட்டது. பேரீச்சம்பழமும் தண்ணீர் போத்தலும் கொடுத்து அனுப்பினார்கள். தீய்ந்த கஞ்சியைக் கொட்டவேண்டியதாயிற்று. கொட்டுவதற்கு முன் பாய் ஒரு டப்பாவில் அதை மொண்டுகொண்டு வீட்டுக்கு வந்தாராம். பாங்கு சொன்னதும் அதை வைத்துத்தான் நோன்பு திறந்தார். முழுதும் குடித்துவிட்டு, "வெந்நீர் மாதிரி இருந்துச்சு ரபியா" என்றாராம்.

பள்ளிவாசல் ஆட்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். உடம்பைப் பாருங்கள், அடுத்த நோன்புக்கு மூக்கு சரியாகிவிட்டால் துடுப்பு உங்களுக்குத்தான் என்றார்கள். துடுப்பை மஸ்தான் எடுத்துக்கொண்டார். செய்தி பிரியாணிக் கடைக்கும் போனது. கடைக்காரர் பாயை அரிசி களையவும் வெங்காயம் நறுக்கவும் பின்பக்கம் மாற்றினார். அடுத்த நோன்புக்குள் மூக்கு வரவேண்டும். அந்த வீட்டில் அதன்பிறகு வேறு பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். நாலு குப்பியில் நாலு வாசனை, காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அதன் பழைய வாசத்தை மனதுக்குள் நினைத்துப் பார்க்கவேண்டும். ரபியா அக்கா ஜாம் போத்தல்களைக் கழுவிக் காயவைத்தார். ஒன்றில் இடித்த கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் ரோஜா அத்தர் நனைத்த பஞ்சு, இன்னொன்றில் கோடாலித் தைலம். அவரைக் கோரைப்பாயில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக மூக்குக்கு நேராகப் பிடிப்பார். எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

"கிராம்புங்க. நம்ம கல்யாணத்துக்குப் போட்டீங்கள்ல பிரியாணி, அதை நினைங்க."

"ஒண்ணும் வரல."

"வரும். இழுங்க இன்னும்."

இப்படியே மாதங்கள் போயின. ஒரு நாள்கூட அக்கா விட்டதில்லை. காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்து பிடித்தார். கடைசியில் மூக்கு வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

ஒரு நாள் காலை பாலில்லாத கோப்பி ஓ குடிக்க எடுத்தவர் கோப்பையைத் தூர வைத்தார். "எலி செத்துக் கிடக்கா?" என்று அலமாரிக்குப் பின்னால் தேடினார். எலியில்லை, கோப்பிதான். மறுநாள் முட்டை. அப்புறம் பற்பசை, பொரிக்கிற எண்ணெய் எல்லாமே அவருக்கு அழுகல் நாற்றம். மோசமானது வெங்காயமும் பூண்டும்தான். டாக்டர் இது நல்ல அறிகுறி என்றாராம், நரம்பு திரும்ப வளர்கிறது, தப்பும் தவறுமாகச் சேர்கிறது, காலம் எடுக்கும் என்று. நல்ல அறிகுறி! வெறும் சோறும் தயிரும் வாழைப்பழமும் தவிர அந்த மனிதருக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. சட்டை தோளில் தொங்கியது. கடையில் வெங்காயம் நறுக்கும்போது வாந்தி எடுத்ததால் அந்த வேலையும் போனது.

அக்கா அடுப்பை அணைத்தார். அர்ஃபானுக்கு வேண்டியதை என் வீட்டு அடுப்பில் சமைத்தார். பூண்டு முறத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ப்ளாக்கின் திறந்த தரைத்தளத்துக்கு, வாய்ட் டெக்குக்குப் போனார். உரித்து முடித்ததும் எலுமிச்சம்பழம் தேய்ப்பார், உப்புத் தேய்ப்பார், எவர்சில்வர் கரண்டியில் உரசுவார். வெடித்த விரலில் எலுமிச்சை பட்டு எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொள்வார். என் வீட்டுக் குளியலறையில் குளித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் போவார்.

அன்று சாயங்காலமும் அப்படித்தான் குளித்துவிட்டுப் போனார். நான் அவர் விட்டுவிட்டுப் போன துண்டைக் கொடுக்க அவர்கள் வீட்டுக் கம்பிக் கதவருகே நின்றேன். அர்ஃபான் அப்போதுதான் துவாஸிலிருந்து வந்து காலுறை கழற்றிக்கொண்டிருந்தான். அக்கா வாழைப்பழத்தை உரித்துத் தட்டில் வைத்து பாயிடம் நீட்டினார்.

"தள்ளி நில்லு" என்றார் பாய்.

"குளிச்சிட்டுத்தாங்க வந்தேன். கையையும் தேய்ச்சிட்டேன்."

"பூண்டு இல்ல."

"பின்னே என்ன, எண்ணெயா? தலைக்கும் தண்ணி ஊத்திட்டேனே."

"எண்ணெயும் இல்ல. உன் மேலதான். உன் ஒடம்புலேருந்து வருது. பொண நாத்தம். எத்தனை நாளாப் பொறுத்துக்கிறது? கிட்ட வராத!"

தட்டு அக்காவின் கையிலேயே இருந்தது. அர்ஃபான் எழுந்துவிட்டான்.

"அத்தா! வாட் ஆர் யூ சேயிங்? அம்மாகிட்ட இப்படியா பேசுவீங்க?"

"நானாடா சொல்றேன்? மூக்கு சொல்லுது!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே போய் அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, மூக்கைத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பொய்யாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அக்கா தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, சுவரை ஒட்டியபடியே நடந்து சமையலறைக்குள் போனார். கணவரிடமிருந்து இத்தனை தூரம் தள்ளி அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

பூண்டு வேலையை அன்றோடு விட்டார். தேங்காய் எண்ணெயை விட்டார், பவுடரை விட்டார். தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலில் வாசல் பக்கம் படுத்தார். துணியெல்லாம் இரண்டு தடவை துவைத்துக் கம்பில் போட்டார். எத்தனை தடவை குளித்தார் என்று எனக்குத் தெரியும், சுவருக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஓடுவது கேட்கும். மூக்குப் பயிற்சியை மட்டும் விடவில்லை. நாலு போத்தலையும் ஒரு ஸ்டூலில் வைத்து பாய்க்கு முன்னால் தள்ளிவிட்டு, தூரத்தில் நின்று சொல்லுவார்.

"மொதல்ல கிராம்பை எடுங்க."

ஒரு லீவு நாள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். உரிக்க ஒன்றும் இல்லாமல் கை சும்மா மடியில் கிடந்தது.

"டாக்டர்கிட்ட அர்ஃபான் என்னையும் கூட்டிட்டுப் போனான் இனியாம்மா. அவர் தப்பு இல்லையாம். மூளை தப்பா வாசிக்குதாம். அந்தப் பொண்ணு டாக்டர் என் கையைப் பிடிச்சு, 'அங்கிள் டஸன்ட் மீன் இட் ஆன்ட்டி'ன்னு சொல்லுச்சு. எனக்கும் புரியுதுலா. புரிஞ்சா போதுமா, சொல்லு?"

"சரியாயிடும்கா. அவருக்கே தெரியும்ல."

"தெரியும். மன்னிப்புக் கேட்டாரு, மூக்கைப் பொத்திக்கிட்டே கேட்டாரு." அக்கா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பிறகு கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "நீ மோந்து பார்த்துச் சொல்லு. என் மனசுக்காகச் சொல்லாத. உண்மையைச் சொல்லு."

முகர்ந்தேன். சோப்பு வாசம் மட்டும்தான் இருந்தது. தோல் வெளிறி, தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது.

"சோப்புதான்கா. வேற ஒண்ணுமே இல்ல."

"கழுத்துல?"

"ஐயோ அக்கா, ஒண்ணும் இல்ல."

என்னை நம்பாமல்தான் எழுந்து போனார். காரிடாரில் போகும்போது முந்தானையை இழுத்துத் தன் தோளைத் தானே முகர்ந்துகொண்டு போனதைப் பார்த்தேன். அன்று நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

பிறகு அக்டோபரில் புகைமூட்டம் வந்தது. சுமத்ராவில் காடு எரிந்தால் நம் வீட்டில் கண் எரியும். ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, நாகூர் கனி பாய் மட்டும் காரிடாருக்கு ஓடிவந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனியாம்மா, கட்டை எரியிற வாசம் வருது! எனக்கு வருது! கட்டைதானே? சொல்லும்மா!"

"கட்டைதான் பாய்."

மனிதர் இருமி இருமி அதை இழுத்தார். கிராம்பு பிறகு வந்தது. எலுமிச்சை, கோப்பி ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக வெங்காயம் வந்தபோது மஸ்தானே ஒரு பொட்டலம் பொரித்த வெங்காயம் கொண்டுவந்து, கண்ணைக் கட்டி முகரவைத்துப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அக்கா முகத்தைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நோன்பும் வந்தது. துடுப்பை மஸ்தான் இரண்டு கையாலும் ஏந்தி பாயிடம் கொடுத்தாராம். முதல் நாளே நான் போய் நின்றேன். அண்டாவின் மேல் குனிந்து ஆவியை இழுத்தவர், "ரம்பை இலை பத்தலையே மஸ்தான்" என்றார். வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. சீனக் கிழவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். என்னைப் பார்த்ததும் பாய் ஒரு தூக்குச் சட்டியை நிரப்பி மூடி என் கையில் கொடுத்தார்.

"வீட்டுல ரபியாகிட்ட குடும்மா. இன்னைக்கு நான் வீட்டுக்கு வந்துதான் நோன்பு தொறப்பேன்னு சொல்லு. நீயும் இருக்கணும்."

இருந்தேன். தரையில் துணி விரித்து அக்கா எல்லாம் எடுத்து வைத்திருந்தார். பேரீச்சை, தண்ணீர், வடை, பாய்க்கும் அர்ஃபானுக்கும் எனக்கும் கிண்ணம். ரேடியோவில் பாங்கு சொன்னது. பாய் பேரீச்சையைக் கடித்து, தண்ணீர் குடித்து, ஒரு கரண்டி கஞ்சியை வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் என்று தனக்குள் ஒவ்வொன்றாகச் சொன்னார். நிமிர்ந்து பார்த்தால் அக்கா தரையில் இல்லை. சமையலறை வாசலில் நின்றபடியே ஒரு பேரீச்சையைத் தின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ரபியா, ஏன் அங்கேயே நிக்கிற? வந்து உட்காரு."

"நீங்க சாப்பிடுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"எல்லாம் வந்துடுச்சு ரபியா. இந்தப் பூண்டு வாசம் சரியா வருது. நாளைக்கே பூண்டு வாங்கிட்டு வர்றேன், நீ காரிடார்ல உட்கார்ந்து உரி. எண்ணெய் வை தலைக்கு." கரண்டியைக் கீழே வைத்தார். "உன் வாசம்தான் இன்னும் எனக்கு வரல. கிட்ட வாயேன். ஒரே ஒரு தடவை வா."

அர்ஃபான் தலையைக் குனிந்துகொண்டான். நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு நின்று, முந்தானையை இழுத்து மார்போடு சுற்றிக்கொண்டார்.

"இருங்க. குளிச்சிட்டு வந்துடுறேன்."

"குளிச்ச தலை இன்னும் காயலையே, ரபியா?"

"அது அஸருக்கு முன்னாடிங்க."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழுந்தது. பாய் இன்னொரு கிண்ணத்தில் அக்காவுக்குக் கஞ்சி ஊற்றி, தன் பக்கத்தில் இடம் விட்டு வைத்தார். அர்ஃபான் தொழ எழுந்துபோனான். பாய் எழவில்லை. கிண்ணத்தில் கஞ்சி ஆறி ஆடை படிந்தது. நான் என் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சுவருக்கு இந்தப் பக்கமும் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.